பாதி வாசித்த பிரிவு

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு நான் கட்டிய நியாயங்கள் பிறகு வரட்டும். வரிசையை மாற்றினால் நியாயங்கள் முந்திக்கொள்ளும். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

2025 கோடையில், பேத்துப்பாறையில், வீடுகளுக்கு நடுவே ஏறும் தெருவின் வளைவொன்றில் என் கேரவனை நிறுத்தினேன். ஒரு மூதாட்டியின் வீட்டு வாசல் அதனால் மறைந்தது. எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. சட்டம் பேசி அவர் வாயை அடைத்தேன். அன்று இரவு யானை வந்தது. விரட்ட வந்த ஜீப் என் வண்டியைத் தாண்ட முடியாமல் கீழேயே நின்றது. மூதாட்டியின் அடுப்படிச் சுவர் விழுந்தது. மறுநாள் காலை, நான் செய்ததற்காக அவர் திட்டு வாங்கினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசமானது. அதற்கு வருகிறேன்.

நான் யார் என்பது இந்தக் குற்றத்தின் எடையைக் கூட்டும். அதனால் சொல்ல வேண்டும். வாகனங்களைப் பதிவு செய்யும் அலுவலகங்களில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தப் பிரிவு எங்கே வளையும், எந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்பதெல்லாம் தெரியும். அலுவலகத்தில் அதற்காகவே எனக்கு மரியாதை இருந்தது. ஓய்வு பெற்றதும் அந்த மரியாதை நின்றுபோனது. அந்த வெற்றிடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேத்துப்பாறையில் ஒரு மூதாட்டியிடம் அதை நிரப்பிக்கொண்டேன்.

ஓய்வுப் பணத்தில் ஒரு பழைய டிராவலர் வேன் வாங்கினேன். உள்ளே படுக்கை, அடுப்பு, சிறு கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி வைத்து மாற்றினேன். மாற்றத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்றினேன். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து வாகனம் ஆகாது, தனியார் வாகனம்தான் என்று மத்திய அரசின் 2004 அறிவிக்கை சொல்கிறது. காகிதத்தில் என் வண்டி சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தின் மேல் எனக்குத் திமிர் வந்தது.

அந்தக் கோடையில் கொடைக்கானலுக்கு வண்டிகளைக் கணக்குப் பார்த்துத்தான் விட்டார்கள். 2024 மே மாதத்திலிருந்தே சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 4,000 சுற்றுலா வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றமே உச்சவரம்பு வைத்தது. வருகிறவர் எங்கே தங்குகிறார் என்பதையும் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தது. அங்கே ஒரு பொய் எழுதினேன். கொடைக்கானலில் இருக்கும் ஓர் உறவினரின் முகவரியைத் தங்குமிடமாகக் கொடுத்தேன். அவர் வீட்டில் தங்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவருக்கும் அது தெரியாது. தெருவில் படுக்கப்போகிறேன் என்று எழுதினால் யாராவது கேள்வி கேட்பார்களோ என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததுமே நான் செய்யப்போவது சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகள் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் 2024 நவம்பரில் தடை போட்டிருந்தது. என் வண்டி அதில் பாதியும் சொச்சமும்தான். இதையும் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன். மலைப்பாதையின் அளவு வேறு, அங்கிருந்து பிரிந்து ஊருக்குள் போகும் தெருவின் அளவு வேறு. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏன் பேத்துப்பாறை? காரணம் எளிது. காசு கொடுக்க வேண்டாம். கொடைக்கானல் நகரில் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அறை வாடகை கேட்டால் வயிறு எரிந்தது. அட்டுவம்பட்டி, பள்ளங்கி, வில்பட்டி என்று சரிவில் இறங்கிப் போனால் கூட்டம் குறையும். மேலே மேகம், கீழே காப்பித் தோட்டம், அப்பால் அஞ்சுவீடு அருவிப் பக்கம் போகும் வழி. இப்படி ஓர் இடத்தில் ஜன்னலைத் திறந்து காப்பி குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு வீடு இருந்ததை நான் காட்சியில் சேர்க்கவில்லை.

மூதாட்டி சாயங்காலமே வந்து சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"தம்பி, வண்டிய இங்க போடாதீங்க. கீழ ஸ்கூல் பக்கம் கொண்டு போயிருங்க. ராத்திரி ஜீப்பு வரணும். ஆனை எறங்குற நேரம் இது."

அவர் வீட்டுப் பேரன் வாசலில் நின்று, "சினிமா வண்டியா பாட்டி?" என்று கேட்டான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் பதில் சொன்னேன்.

"இது பொது ரோடும்மா. பொது ரோட்டில் வண்டி நிறுத்தக்கூடாதுன்னு சட்டம் இல்லை. ஆள் இல்லாம பத்து மணி நேரம் கிடந்தாத்தான் எடுக்கச் சொல்ல முடியும். நான் உள்ளேயேதான் படுக்கிறேன்."

இனி அந்தச் சட்டத்தைப் பார்ப்போம். நான் சொன்னது 127ஆம் பிரிவு. பொது இடத்தில் கைவிடப்பட்ட அல்லது ஆளில்லாமல் பத்து மணி நேரம், அதற்கு மேல் நின்ற வண்டியை அப்புறப்படுத்தலாம் என்பது அதன் ஒரு பாதி. நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தப்பட்ட வண்டியையும் அப்புறப்படுத்தலாம் என்பது அதே வாக்கியத்தின் இன்னொரு பாதி. அதற்குப் பத்து மணி நேரக் கணக்கு கிடையாது. முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாம் பாதியை விழுங்கினேன்.

நிறுத்தக்கூடாத இடம் எது என்பதும் எனக்குத் தெரியும். 1989இல் வந்த சாலை விதிகளிலேயே உண்டு. வளைவிலோ வளைவை ஒட்டியோ நிறுத்தக்கூடாது. மேட்டின் உச்சியில் நிறுத்தக்கூடாது. ஒரு வளாகத்தின் வாசலை மறைத்து நிறுத்தக்கூடாது. அந்த விதிகளின் இடத்தில் 2017இல் புதிய விதிமுறைகள் வந்தபோது, அலுவலகத்தில் இளையவர்களை உட்காரவைத்து இதையெல்லாம் விளக்கியவன் நான். 122ஆம் பிரிவு இன்னும் தெளிவு. மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கும் நிலையில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது. அதில் ஆள் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்ற பேச்சே இல்லை.

கேரவன் என்பதற்காகக் குடியிருப்புத் தெருவில் தனித் தடை எதுவும் நம் சட்டத்தில் இல்லை. அது உண்மை. சாதாரண கார் எங்கே நிற்கலாமோ அங்கே அதுவும் நிற்கலாம். கார் எங்கே நிற்கக்கூடாதோ அங்கே அதுவும் நிற்கக்கூடாது. இந்த முழு உண்மையைச் சொல்லியிருந்தால் வண்டியை எடுத்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கேரளம் 2021லேயே அதற்குத் தனிக் கொள்கை வைத்து, 2022இல் வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. தண்ணீர், மின்சாரம், கழிவு போக வழி எல்லாம் உள்ள இடம். இந்த வண்டிகளுக்குத் தனி இடம் வேண்டும் என்று கொள்கை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜப்பானில் 1962 முதல், கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். இவற்றையெல்லாம் படித்து, நண்பர்களிடம் பேசியும் இருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் போட்டேன். அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. 201ஆம் பிரிவின்படி போக்குவரத்துக்கு இடையூறாக வண்டி நிறுத்தினால் அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. அறை வாடகை அதைவிடப் பல மடங்கு. பிடிபட்டாலும் லாபம்தான் என்று நினைத்தேன். சட்டத்தை மீறுவதற்கான விலையை அந்தச் சட்டத்திலிருந்தே எடுத்தேன். அந்த மூதாட்டியின் இரவுக்கு என்ன விலை என்று என் கணக்கில் ஒரு பத்தி இல்லை.

அவர் சிறிது நேரம் நின்றார். "நீங்க படிச்சவங்க. சொல்றதச் சொல்லிட்டேன்" என்று திரும்பிப் போனார். அவர் தோற்றுப் போனார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரவுக்கு முன்னால் செய்தவற்றையும் மறைக்கக் கூடாது. தெருச்சரிவில் படுக்கை சாய்கிறதே என்று சக்கரங்களுக்குக் கல் வைத்து வண்டியை மட்டப்படுத்தினேன். பக்கவாட்டுப் பந்தலை விரித்தேன். அவசரத்துக்கு எடுக்க முடியாதபடி ஒரு வண்டியை வீடாக்கினேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெருவோர வடிகாலில் விட்டேன். கழிப்பறைத் தொட்டியை இருட்டியதும் தோட்ட ஓரத்தில் கவிழ்த்தேன். யாருடைய தோட்டம் என்று கேட்கவில்லை.

வழியில் ஒரு பலாப்பழம் வாங்கியிருந்தேன். நன்றாகப் பழுத்தது. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வெட்டினேன். சுளைகளை உள்ளே கொண்டுபோனேன். தோலையும் சக்கையையும் வடிகாலில் போட்டேன். அந்த இடம் மூதாட்டியின் அடுப்படிச் சுவரிலிருந்து கைக்கெட்டும் தூரம். பலா வாசனைக்கு யானை வரும் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையடியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை கொன்ற செய்தியைப் படித்து வருந்தியவன்தான் நான். கூடாரம் துணி, என் வண்டி இரும்பு என்று ஒரு பதிலையும் வைத்திருந்தேன். சுற்றியுள்ள வீடுகள் எதனால் ஆனவை என்று நினைக்கவில்லை.

பேத்துப்பாறை, அஞ்சுவீடு, பாரதி அண்ணாநகர், கணேசபுரம் பக்கத்து மக்களுக்கு யானை புதிதல்ல. வாழைக்கும் மற்ற பயிருக்கும் அது வருவதும், இவர்கள் விரட்டுவதும் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது. யானை எப்படியும் வந்திருக்கும் என்று எனக்காக யாராவது வாதாடலாம். நானே வாதாடிப் பார்த்தேன். தோட்டத்துக்கு வந்திருக்கும். அந்த வடிகால் ஓரத்துக்கு அதை அழைத்தது என் பலாத்தோல். சுவருக்கும் தோலுக்கும் இடையே இருந்த இடைவெளியில் என் வாதம் நிற்கவில்லை.

நடுநிசிக்கு மேல் வண்டி அசைந்தது. ஏதோ உரசிய சத்தம். பிறகு வடிகாலில் மெல்லும் சத்தம். கைபேசி வெளிச்சத்தையும் அணைத்தேன். மேலே யாரோ தகரம் தட்டினார்கள். நாய்கள் குரைத்தன. கீழேயிருந்து ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. வளைவுக்குக் கீழே நின்றது. ஹாரன் அடித்தார்கள். விட்டு விட்டு அடித்தார்கள். "வண்டிய எடுங்க! உள்ள யாரு?" என்று ஒருவர் கத்தினார்.

நான் விழித்திருந்தேன். ஓட்டுநர் இருக்கை எட்டித் தொடும் தூரத்தில் இருந்தது. சாவி அதிலேயே இருந்தது. விளக்கைப் போட்டிருக்கலாம். ஹாரன் அடித்திருக்கலாம். கல்லை எடுக்க முடியாது, யானை நிற்கிறது என்று ஒரு குரலாவது கொடுத்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. போர்வைக்குள் இருந்தேன். சத்தம் போட்டால் யானை என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் பொருள் இதுதான்: அது என் பக்கம் திரும்புவதைவிட வேறு யார் பக்கமாவது போவது மேல் என்று நினைத்தேன். அது போனது.

சுவர் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. மண்சுவர், தகரக் கூரை. உள்ளே பேரன் அழுதான். மூதாட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அதட்டலா வேண்டுதலா என்று தெரியவில்லை. ஜீப்பில் வந்தவர்கள் வண்டியைக் கீழேயே விட்டு, டார்ச்சும் வெடியுமாக என் கேரவனை ஒட்டி நடந்து ஏறினார்கள். அவர்களில் ஓர் இளைஞர் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. தினக்கூலிக்கு வந்தவர் என்று காலையில் தெரிந்தது.

வெடிச் சத்தத்தில் யானை சரிவில் இறங்கிப் போனது. எல்லாம் அடங்கியபின் கதவைத் திறந்தேன். முதலில் என் வண்டியின் பக்கவாட்டில் விழுந்த கீறலைத்தான் பார்த்தேன். இரண்டாவதாக வடிகாலைப் பார்த்தேன். மிச்சமிருந்த தோலைக் காலால் தள்ளினேன். அது வழுக்கிப் போய் மூதாட்டியின் இடிந்த சுவர் அருகே நின்றது. அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். வேண்டுமென்றே அவர் பக்கம் தள்ளினேனா? என்னிடமிருந்து அப்பால் தள்ளினேன். அது போய்ச் சேர்ந்த இடம் எனக்குத் தெரிந்தது. திரும்ப எடுக்கவில்லை.

விடிந்ததும் வனத்துறை ஊழியர்கள் சேதத்தைக் குறிக்க வந்தார்கள். அரிசி டிரம் நசுங்கிக் கிடந்தது. அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டுக் கட்டுகள் மண்ணோடு மண்ணாக மிதிபட்டிருந்தன. புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு. வில்பட்டிப் பக்கம் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் அடுத்த போகத்துக்கு ஊன்ற வைத்திருந்த விதை.

ஒருவர் என்னிடம் கேட்டார். "சார், நீங்க வெளியே ஏதாவது சாப்பாட்டுப் பொருள் வெச்சிருந்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். பலாத்தோல் கிடந்தது. மூதாட்டி பக்கம் திரும்பினார். "எத்தனை தடவை சொல்றது பாட்டி? வீட்டுப் பக்கத்துல இப்படிப் போட்டா வராம என்ன செய்யும்? நாளைக்கு நஷ்ட ஈடு கேட்டு எங்ககிட்டதான் வருவீங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. என் பொய்யை நம்பிப் பேசினார். மூதாட்டி தோலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேசுவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அவசரம் இல்லை, ஆபத்து இல்லை, யானை இல்லை. இரவில் வாயை மூடியது பயம். காலையில் மூடியது கௌரவம். சட்டம் தெரிந்த பெரிய மனிதர் என்று அந்தத் தெரு முழுக்க என்னைப் பற்றி நினைத்திருந்தது. அது உடைவதை நான் விரும்பவில்லை. மூதாட்டி எதுவும் சொல்லாமல் நொறுங்கிய டிரம்மிலிருந்து அரிசியை முறத்தில் அள்ளத் தொடங்கினார்.

கல்லை எடுத்து, பந்தலைச் சுருட்டி, கிளம்பிவிட்டேன். யாரும் எனக்கு அபராதம் போடவில்லை. ஐந்நூறு ரூபாயும் மிச்சம்.

மழைக்காலம் முடியும்வரை அங்கே போகும் துணிவு வரவில்லை. பிறகு பேருந்தில் போனேன். சுவர் எழுந்திருந்தது. பணத்தை நீட்டி, தோல் நான் போட்டது என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எங்களுக்குத் தெரியாதா தம்பி? ஆனை எறங்குற மாசத்துல எங்க வீட்டுல பலாப்பழமே அறுக்க மாட்டோம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க சட்டம் பேசுற ஆளு. நான் சொன்னா யாரு நம்புவா?"

பணத்தை எண்ணினார். "சுவத்துக்குச் சரி. பூண்டுக்குக் காணாது" என்றார். மீதியைக் கொடுத்தேன். அதோடு முடியவில்லை. "காசு கெடக்கட்டும். தோல நான் போட்டேன்னுதான் தெருவுல இன்னும் பேசுறாங்க. டீக்கடையில நாலு பேரு இருப்பாங்க. சொல்லிட்டுப் போங்க."

போனேன். சொன்னேன். வண்டியை எடுக்காததையும், தோல் போட்டதையும், காலையில் பொய் சொன்னதையும் சொன்னேன். ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். மணிக்கட்டு முறிந்த இளைஞரின் அண்ணன் அங்கே இருந்தார். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அவ்வளவு ஹாரன் அடிச்சாங்களே, கேக்கலையா?"

"அசந்து தூங்கிட்டேன்" என்றேன்.

வனத்துறைக்கு எழுதிய கடிதத்திலும் அப்படியே எழுதினேன். பலாத்தோலைப் பற்றிய உண்மையை முழுதாக எழுதிவிட்டு, தூக்கத்தைப் பற்றி ஒரு பொய்யைச் சேர்த்தேன். வண்டியை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதையும் பிராயச்சித்தக் கணக்கில் எழுத வேண்டாம். வெட்கம் ஒரு காரணம், டீசல் செலவு இன்னொன்று.

பொது வழியை மறித்தால் பழைய தண்டனைச் சட்டத்தில் இருநூறு ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் அது ஐயாயிரம் வரை உயர்ந்திருக்கிறது. நான் செய்ததில் சட்டத்துக்கு எட்டும் பகுதி அவ்வளவுதான். மற்றதற்கு நீங்கள்தான் நீதிபதி. அதனால் டீக்கடையில் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். அந்த இளைஞரின் அண்ணனிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.